"எல்லார்ட வீட்டயும் பைக் இரிக்கிதானே" என்றவருக்கு ஒரு பதில்



பதிவு நீளம். அஸர் தொழுதுவிட்டு ஒரு பிளேன்டியை வைத்துக்கொண்டு வாசிக்கிற அளவுக்கு நீளம். வாசித்துவிட்டு ஏசுவதென்றால் தாராளமாக ஏசுங்கள். வாசிக்காமல் "சேர்மாருக்கு வேற வேலை இல்ல" என்று மட்டும் கீழே எழுத வேண்டாம்.

போன கிழமை ஒரு கூட்டத்தில் இருந்தோம். வளவு இல்லாத குடும்பங்களுக்கும், கலியாண வயசில் பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் வாப்பாமாருக்கும் காணி தேடுவது பற்றிய கூட்டம். நோக்கம் நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குள் இனி இடமில்லை, வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு மலிவாக வருகிறது, அதைப் பேர்ச் பேர்ச்சாகப் பிரிக்கலாம் என்று பேச்சு போனது. பின்னால் இருந்த ஒருவர் எழும்பிக் கேட்டார்: "அங்கிருந்து கடைக்கும் பள்ளிக்கும் ஸ்கூலுக்கும் எப்படி வாற?" முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இப்ப எல்லார்ட வீட்டயும் பைக் இரிக்கிதானே. என்ன பெரிய தூரம்?" கூட்டம் சிரித்தது. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் வாய் திறக்கவில்லை. அது எங்கள் பிழை. அன்று பேசாததை இன்று எழுதுகிறோம்.

நாங்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும். கிண்ணியாவில் வீடு, கங்கைக்கு அந்தப் பக்கம் உள்ளே போகிற பாடசாலைகளில் வேலை. அப்படிப்பட்ட ஆசிரியர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கின நாளில் கஷ்டப் பிரதேசம் என்ற சொல்லை முதல் தடவை சரியாக விளங்கிக்கொண்டவர்கள். காலையில் ஆறரைக்கு வெளிக்கிட வேண்டும். போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால் மணித்தியாலம். மழை என்றால் இன்னும் கூட. உள் ரோட்டில் யானை நின்றால் அதுவாகப் போகும் வரை நாங்களும் நிற்க வேண்டும், ஹோர்ன் அடிக்க முடியாது.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம். வருடத்தில் பாடசாலை நாட்கள் சுமார் 195 என்று வைத்தால் 292 மணித்தியாலம். அதை 24ஆல் பிரித்துப் பாருங்கள். 12 நாளுக்கு மேல் வருகிறது. இரவு பகலாக, நித்திரை இல்லாமல், 12 நாள் ரோட்டில் இருக்கிறோம். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிற நாங்கள் இந்தக் கணக்கை எங்களுக்கே போட்டுப் பார்க்க எத்தனையோ வருடம் எடுத்தது. போட்டுப் பார்த்த அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

"அரச உத்தியோகம், மாசச் சம்பளம், இதுக்கும் அழுகிறீங்களா?" என்று ஒருவர் கேட்பார். சம்பளத்தைப் பற்றியதல்ல இது. வீட்டுக்கு வந்தபிறகு பிள்ளை கொப்பியைக் கொண்டு வந்து மடியில் வைக்கும்போது நாங்கள் எப்படி முகம் கொடுக்கிறோம் என்பதைப் பற்றியது. ஊரான் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த அதே வாய், சொந்தப் பிள்ளையிடம் "பொறு புள்ள, தல வலிக்கிது" என்கிறது.

இது எங்கள் புலம்பல் மட்டும் இல்லை. இதை உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2008இல் புரூனோ ஃப்ரே, அலோயிஸ் ஸ்டட்ஸர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜேர்மனியில் ஒரே குடும்பங்களிடம் வருடா வருடம் கேட்டு எடுத்த தரவுகள் அவர்களுடைய கையில் இருந்தன. பொருளியல் பாடத்தின்படி, தூரத்தில் குடியிருக்கிறவனுக்கு அதற்குப் பதிலாக ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். மலிவான வீடோ, பெரிய வளவோ, கூடின சம்பளமோ. இல்லாவிட்டால் அவன் ஏன் அங்கே போய்க் குடியிருக்கிறான்? ஆகவே தூரத்தில் இருக்கிறவனும் கிட்ட இருக்கிறவனும் ஒரே அளவு திருப்தியோடு இருக்க வேண்டும். தரவு அப்படிச் சொல்லவில்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டு போனது. வீடும் சம்பளமும் அந்த நட்டத்தை ஈடுசெய்யவில்லை. மனிதன் வீட்டைப் பார்க்கும்போது அறையை எண்ணுகிறான், வளவை அளக்கிறான். தினமும் போய்வரும் ரோட்டுக்கு விலை போடத் தெரியாமல் ஏமாந்துபோகிறான்.

அதற்கு நாலு வருடம் முதல், 2004இல், டேனியல் கானமனும் அவரோடு இருந்தவர்களும் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளில் செய்த ஒவ்வொரு வேலையையும், அதைச் செய்யும்போது மனம் எப்படி இருந்தது என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். சமையல், வீட்டு வேலை, பிள்ளை பார்ப்பது, அலுவலக வேலை எல்லாவற்றையும் விடக் கீழே இருந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். எங்கள் டீச்சர்மாரிடம் கேட்டிருந்தால் 909 பேர் தேவைப்பட்டிருக்காது. ஸ்டாஃப் ரூமில் ஒரு இன்டர்வல் போதும்.

சரி, டெக்சாஸை விடுவோம். எங்கள் குடாவுக்கு வருவோம்.

உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று திருகோணமலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அதன் மறுபக்கத்தைப் பாடப் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. துறைமுகம் பெரிதென்றால் அதைச் சுற்றிப் போகும் ரோட்டும் பெரிது. மூதூர்க் கரையில் நின்றால் இரவில் திருகோணமலை டவுனின் லைட் தெரியும். கண்ணுக்குக் கிட்ட, காலுக்கு எட்ட. லோஞ்சில் போய் வந்த காலத்துக் கதையை மூதூரில் எந்த வீட்டிலும் கேட்கலாம். கிண்ணியாவில் பாதை. பாதை என்றால் ரோடு இல்லை, வாகனத்தையும் சனத்தையும் ஏற்றி இழுத்துப் போகும் அந்தத் தட்டைப் படகு. இப்போது இருபது வயதில் இருக்கும் தம்பிமாருக்கு அது ஞாபகம் இருக்காது என்பதால் சொல்கிறோம். பிள்ளைப்பேற்று வலியோடு வந்த பெண், பாதை மறுகரையிலிருந்து திரும்பி வரும் வரைக்கும் வேனுக்குள் கிடந்த ஊர் இது.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். சவூதி அரேபியாவின் உதவி. திறந்தபோது இலங்கையிலேயே நீளமான பாலம். அன்று ஊரே பாலத்தில் நின்றது, நாங்களும் நின்றோம். பாலத்துக்கு எதிராக நாங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். அதைச் சரியாக வாசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாலம் வந்த பிறகு நாங்கள் என்ன செய்தோம்? அதைக் கேட்கிறோம். டவுன் கிட்ட வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் டவுனுக்குக் கொண்டு போனோம். பெருநாள் உடுப்பு டவுனில். ரியூஷன் டவுனில். பல்லுப் பிடுங்குவது டவுனில். கடைசியில் ஒரு கிலோ பருப்பும் ஒரு சவர்க்காரமும் கூட சுப்பர் மார்க்கட்டில், "அங்க ஓஃபர் போட்டிரிக்கி" என்று. பாலம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை அதே பாலத்தில் ஓடி ஓடிச் செலவழிக்கிறோம்.

மூலைக் கடை என்ன ஆனது என்று பாருங்கள். எங்கள் சின்ன வயசில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு கடை. வேலியோடு ஒட்டின பெட்டிக் கடை, பலகைக் கதவு, உள்ளே ஒரு மாமா அல்லது ஒரு சாச்சி. உம்மா கையில் காசு தராமல் எங்களை அனுப்புவா. "கொப்பியில எழுதச் சொல்லு." மாசக் கடைசியில் வாப்பா போய்க் கணக்கை முடிப்பார். சில மாசம் முடிக்க மாட்டார், கடைக்காரரும் கேட்க மாட்டார். அந்தக் கொப்பி ஊரின் வங்கி. சுப்பர் மார்க்கட்டில் கார்ட் இருக்கிறவனுக்கு ஓஃபர் இருக்கிறது, கொப்பி யாருக்கும் இல்லை. கடலுக்குப் போக முடியாத வாடைக் காலத்தில், நெல் விற்கும் வரைக்கும், கூலி வேலை இல்லாத நோன்பு மாசத்தில், எத்தனை வீட்டு அடுப்பு அந்தக் கொப்பியால் எரிந்தது என்று அந்தக் கடைக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கடைதான் பெண்களின் வெளி உலகமும். ஆண்களுக்கு சந்தி இருக்கிறது, பள்ளி இருக்கிறது, தேநீர்க் கடை இருக்கிறது. எங்கள் உம்மாமாரும் ராத்தாமாரும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, செருப்பு மாட்டி, தனியாகப் போய், நாலு பேரோடு பேசி, பத்து நிமிஷத்தில் திரும்பி வரக்கூடிய ஒரே இடம் அந்தக் கடையும் அதற்குப் போகும் ஒழுங்கையும்தான். யாருக்குக் காய்ச்சல், யாருடைய மகளைப் பார்க்க வந்தார்கள், யார் வீட்டில் அரிசி இல்லை, எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரியும்.

இப்போது வயலுக்கு அந்தப் பக்கம் ஏற்கனவே குடிபோன வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். டைல்ஸ் போட்ட வீடு. முன்னால் நல்ல கேட். காலை எட்டு மணிக்கு ஆம்பிளை பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பைக் ஒன்றுதான், அது அவரோடு போய்விடும். பிறகு பின்னேரம் வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன வாகனம்? உப்பு முடிந்தால் போன் எடுத்து அவருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வாந்தி என்றால் த்ரீவீலுக்கு அடித்து அவன் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும், வந்தால் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு சகோதரி சொன்னா: "சேர், வீடு பெருசுதான். ஆனா நான் நாள் பூரா பேசுற ஆள் டீவிதான்." அவ குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னா. எல்லார் வீட்டிலும் பைக் இருக்கிறது என்று சொன்ன பெரியவர் அந்தப் பைக்கின் சாவி யாருடைய பொக்கட்டில் இருக்கிறது என்று கேட்கவில்லை.

இன்னொன்று. பைக் தண்ணியில் ஓடாது. 2022ஐ மறந்துவிட்டோமா? அந்த வருடத் தொடக்கத்தில் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். ஜூன் கடைசியில் 470. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. ஷெட்டில் இரவு முழுக்கக் கிடந்தோம், ஒருவருக்கு ஒருவர் லைன் பார்த்துக்கொண்டு சுபஹ் தொழுதோம். பிறகு கியூஆர் வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு நாலு லீற்றர். தினம் நாற்பது கிலோமீற்றர் ஓடுகிறவனுக்கு அந்த நாலு லீற்றரை வைத்து ஐந்து பாடசாலை நாளை ஒப்பேற்ற முடியாது, ஒரு நாள் இடிக்கும். ஆசிரியர்களைத் தற்காலிகமாக வீட்டுக்குக் கிட்ட உள்ள பாடசாலைக்கு விடலாமா என்று அரசாங்கமே யோசிக்க வேண்டி வந்தது. அந்த மாசங்களில் ஊரில் யார் நிம்மதியாக இருந்தார் என்று கவனித்தீர்களா? ஒழுங்கைக்குள் கடை வைத்திருந்தவர், நடந்து போகிற தூரத்தில் வேலை இருந்தவர், வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரிக் கன்று வைத்திருந்தவர். மூடிக் கிடந்த புஷ் சைக்கிள் கடைகள் கூடத் திறந்தன. பெற்றோல் திரும்பி வந்தது, நாங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம்.

இந்த ஊருக்கு இது முதல் பாடமும் இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் எடுத்த உயிர்களை எண்ணி முடிக்க முதலே, கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். பிறகு அதைத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் எத்தனையோ வீட்டுத் திட்டங்களை உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டார்கள். கட்டிக் கொடுத்தவர்களின் மனசு நல்லது, அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுக்கட்டும். ஆனால் தோணியும் வலையும் எஞ்சினும் கரையில், மனிதன் உள்ளே. அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு எப்படிப் போவது? இரவில் வலையை யார் பார்ப்பது? மீனோடு கரைக்கு வந்தால் வீட்டுப் பெண்கள் பங்கு பிரிக்க, காயவைக்க எப்படி வருவது? கிழக்குக் கரை முழுக்க இந்தக் கதை நடந்தது. கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு கரையில் தகரக் கொட்டில் போட்டுக் கிடந்தவர்களைப் பார்த்து "நன்றி கெட்ட சனம்" என்று பேசினோம். அவர்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. கல் வீட்டை விடத் தொழில் கிட்ட இருப்பது பெரிது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை.

சம்பூர்ச் சனத்தைப் பாருங்கள். 2006இல் எழும்பிப் போனவர்கள், கிளிவெட்டி முகாம்களில் வருடக் கணக்காகக் கிடந்தார்கள். வேறு இடத்தில் காணி தருகிறோம் என்று சொன்னபோது வேண்டாம் என்றார்கள். 2015இலும் 2016இலும் காணி விடுபட்டபோது, பற்றையும் இடிந்த சுவருமாகக் கிடந்த வளவுக்குத்தான் திரும்பிப் போனார்கள். ஏன்? அங்கேதான் அவர்களுடைய கடல், வயல், குளம், கோயில். அதே 2006இல் மூதூரை விட்டு கந்தளாய்க்கு நடந்த எங்கள் சனத்துக்கு இதை நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இனம் வேறாக இருக்கலாம், ஒருவனை அவனுடைய தொழிலிலிருந்தும் அயலிலிருந்தும் பத்து மைல் தள்ளி வைத்தால் அவனுக்கு என்ன நடக்கிறது என்பதில் வித்தியாசம் இல்லை. யுத்தமும் கடலும் எங்களைத் தள்ளின. இப்போது யாரும் தள்ளாமலே நாங்களாகப் பேர்ச் விலையைப் பார்த்துப் போகிறோம்.

குறிஞ்சாக்கேணியைப் பற்றி எழுத மனம் வரவில்லை, ஆனால் எழுதாமல் விட முடியாது. 2021 நவம்பர் 23, காலை. பாலம் கட்டும் வேலைக்காகப் பழைய பாலம் இல்லாமல் போனது, மாற்றாகப் பாதை ஓடியது. அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர். அதில் பள்ளிக்கூடம் போக வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள். யார் குற்றவாளி என்று அன்று ஊர் கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முதல் நாள் வரைக்கும் நாங்கள் எல்லாரும் என்ன சொன்னோம்? "கொஞ்ச நாளைக்குத்தானே, சமாளிச்சிப் போங்க." பிள்ளைக்கும் பாடசாலைக்கும் நடுவில் தண்ணீர் கிடக்கிறது என்பதை ஒரு சின்ன அசௌகரியமாகத்தான் எல்லாரும் கணக்கில் எடுத்தோம். "என்ன பெரிய தூரம்" என்ற அதே பேச்சுத்தான் அது. கூட்டத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எங்களுக்கு வயிற்றைப் பிசைந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது மார்க்கம் பேச வருபவர்களுக்கு. ஒரு தம்பி முன்பு இப்படி ஒரு பேச்சு வந்தபோது எழுதினார்: பனூ ஸலிமா கோத்திரத்தார் பள்ளிக்குக் கிட்டக் குடிவர விரும்பினார்கள், நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள், ஒவ்வொரு அடிக்கும் நன்மை எழுதப்படும் என்றார்கள், ஆகவே தூரம் நல்லது என்று. தம்பி, அந்த ஹதீஸை முழுசாகப் படியுங்கள். அவர்கள் ஏற்கனவே குடியிருந்த இடத்தைக் காலி பண்ணி மதீனாவின் ஓரம் வெறுமையாகிவிடக்கூடாது என்ற கவலையும் அதே சம்பவத்தின் அறிவிப்பில் வருகிறது. இருந்த அயலைக் கலைக்காதே என்பதுதான் அங்கே விஷயம். நாங்கள் செய்வது நேர் எதிர். இருந்த அயலைக் கலைத்துவிட்டு, நடந்து போகவே முடியாத இடத்தில் போய் இருந்துகொண்டு, எந்த அடிக்கு நன்மை எதிர்பார்க்கிறோம்? டயருக்கா?

மனிதனின் நற்பாக்கியங்கள் என்று எண்ணிச் சொல்லப்பட்ட ஹதீஸும் எங்களுக்குத் தெரியும். விசாலமான வீடு அதில் இருக்கிறது, நல்ல வாகனமும் இருக்கிறது. கலியாணப் பேச்சில் இரண்டையும் மறக்காமல் கேட்கிறோம். நல்ல அயலவரும் அதே வரிசையில்தான் இருக்கிறார். சீதன வீட்டைப் பேசும்போது எத்தனை பேர்ச், எத்தனை ரூம், டைல்ஸா சீமெந்தா என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டார், "பக்கத்து வீட்டில் யார்?" என்று கேட்டதை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

சீதன வீடு என்ற சொல்லை எடுத்தாகிவிட்டது, சொல்லியே முடிக்கிறோம். கிழக்கு மாகாணத்து முஸ்லிம் வழக்கம், மகளுக்கு வீடு, மாப்பிள்ளை அங்கே வருவார். சீதனத்தின் மீது எங்களுக்கு இருக்கும் கோபம் வேறு பதிவு. ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. உம்மா வளவுக்குள்ளே மகள் வீடு, அதற்குப் பக்கத்தில் சின்ன மகள் வீடு, பின்னால் சாச்சி. வேலியில் ஒரு பொட்டு, அதால் கறிச் சட்டி போகும், பிள்ளை போகும், செய்தி போகும். வேலைக்குப் போகிற டீச்சரின் கைக்குழந்தையை வளர்த்தது அந்தப் பொட்டுத்தான். இப்போது வழக்கத்தின் பாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நன்மையைத் தூக்கி எறிந்துவிட்டோம். வாப்பா கடன் பட்டு, வெளிநாட்டில் பத்து வருடம் வெயிலில் நின்று, வயலுக்கு அந்தப் பக்கம் மகளுக்கு வீடு கட்டுகிறார். மகள் உம்மாவைக் காண கிழமைக்கு ஒரு நாள் த்ரீவீலில் வருகிறா.

கிட்டக் காணி இல்லை, விலை ஏறிவிட்டது என்பது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் வளவுகளை எண்ணிப் பார்த்தோமா? கட்டாரில், லண்டனில் இருக்கிறவர்கள் வாங்கிப் போட்டுச் சுற்றி மதில் கட்டி வைத்த வளவு எத்தனை? ஒரே வளவில் மேலே ஒரு தட்டுக் கட்டினால் என்ன குறைந்துவிடும்? "மேல் வீடு மானக்குறை" என்று யார் சொன்னது? கொழும்பில் மாடியில் வாடகைக்கு இருக்கும்போது மானக்குறை இல்லை, உம்மாவின் தலைக்கு மேலே சொந்த வீட்டில் இருக்கத்தான் மானக்குறை வருகிறது. வெளியேதான் போக வேண்டும் என்றால், காணியைப் பிரிக்கும் அந்த வரைபடத்தில் கடைக்கு, தக்கியாவுக்கு, பாலர் பாடசாலைக்கு, பஸ் திரும்புவதற்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். மிச்சத்தை விற்றுப் பேர்ச் கணக்குப் பாருங்கள். கடைசியில் மிஞ்சின மூலையில் பள்ளி கட்டுவதுதான் இப்போது நடக்கிறது.

எங்களை நாங்கள் விட்டுவிட்டு ஊரைத் திட்டவில்லை. 2016இல் "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர்ப் பலகை அடித்தார்கள், கட்டடம் கொஞ்சம் வந்தது. நாங்கள் என்ன செய்தோம்? அந்தப் பாடசாலையில் சம்பளம் எடுத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகளை ஐந்தாம் ஆண்டு முடிய முன்னரே வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினோம். ஆசிரியரின் பிள்ளையே இல்லாத பாடசாலைக்குக் கூலிக்காரன் ஏன் தன் பிள்ளையை அனுப்ப வேண்டும்? பிள்ளை குறைந்தது, ஆசிரியர் குறைந்தார், இப்போது சின்னப் பாடசாலைகளை இணைப்பது பற்றிப் பேச்சு வருகிறது. இணைத்தால் ஆறு வயசுப் பிள்ளை பிரதான ரோட்டைக் கடக்க வேண்டும். அதற்கு நாங்களும் பொறுப்பு. எங்களில் மூன்று பேர் வருகிற ஜனவரியில் பிள்ளைகளை ஒழுங்கைக்குள் இருக்கும் பாடசாலையில் சேர்க்கத் தீர்மானித்திருக்கிறோம். வீட்டில் சண்டை நடக்கிறது, அது வேறு.

அமெரிக்காவில் ராபர்ட் புட்னம் என்பவர் 2000இல் ஒரு புத்தகத்தில் எழுதினார், தினப் பயணத்தில் கூடுகிற ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஊர் வேலைகளில் மனிதன் கலந்துகொள்வது பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், ஜனாஸா ஸ்பீக்கரில் சொன்ன பிறகு நாங்கள் வந்து சேரும்போது மண் போட்டு முடிந்துவிடுகிறது. "இந்தக் காலத்துச் சனத்துக்கு ஈமான் குறைஞ்சி போச்சி" என்று பயானில் சொல்கிறார்கள். ஈமான் குறைந்ததோ என்னவோ, நாங்கள் அந்த நேரம் கங்கைப் பாலத்தில் நின்றோம்.

பாரிஸ் நகரத்தின் அப்போதைய மேயர் ஆன் இதால்கோ 2020இல் தேர்தல் கேட்டபோது கொடுத்த பெரிய வாக்குறுதி, கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியரின் யோசனை: கடை, பாடசாலை, வேலை, மருந்து எல்லாம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷத்தில், நடந்தோ சைக்கிளிலோ. அதற்கு அங்கே மாநாடு வைக்கிறார்கள். பெரிய கிண்ணியாவில் எங்கள் மூத்தம்மாவுக்கு அது ஐந்து நிமிஷம். வெத்திலை இடிக்கிற நேரம்.

அடுத்த கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு. நாங்கள் நாலு பேர் ஒரு வேலை செய்யப் போகிறோம். அந்தக் காணியிலிருந்து பள்ளிக்கும், கடைக்கும், கிளினிக்குக்கும், ஆரம்பப் பாடசாலைக்கும் வியாழக்கிழமை பின்னேரம் நடந்து பார்த்து, எத்தனை நிமிஷம் என்று கடதாசியில் எழுதிக்கொண்டு போகப் போகிறோம். ஏழு மாதக் கர்ப்பிணியின் நடையில், ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் பை. பைக் இருக்கிறதுதானே என்று சொன்ன பெரியவரையும் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னால் இருந்து கேள்வி கேட்ட சகோதரர் இதைப் பார்த்தால், அஸருக்குப் பிறகு சந்தியில் நில்லுங்கள். செருப்பு நல்லதாகப் போட்டு வாருங்கள்.